மலையேறும் லொறியில் பூஸ்ட் அமுக்கம்: ஒரு கேள்வியும் அதன் நீண்ட விடைகளும்

நாவலப்பிட்டி புகையிரத நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 583 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் நிலையம் 1,262 மீற்றர். இரண்டுக்கும் இடையில் தண்டவாளம் சுமார் 33 கிலோமீற்றர். கடுமையான இடங்களில் 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம். 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்த பாதை ஹட்டனைத் தொட்டது 1884இல்தான். அந்தப் பத்து ஆண்டு இடைவெளியே மலை எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். லொறிகளுக்கும் இதே மலைதான். ஒரு வழி கினிகத்தேனவுக்கு ஏறி ஹட்டன் போகிறது. இன்னொன்று கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று வளைந்து நுவரெலியாவைப் பிடிக்கிறது. தேயிலையும் மரக்கறியும் இறங்கும் பாரம். உரம், சீமெந்து, மா, அரிசி ஏறும் பாரம். எஞ்சினின் மூச்சு சோதிக்கப்படுவது இந்த இரண்டாவது பயணத்தில்.

எஞ்சின் தானாக இழுத்துக்கொள்ளும் காற்று போதாதபோது, அதை அமுக்கித் திணிக்க ஒரு கருவி வைக்கிறார்கள். அந்தத் திணிப்பின் அளவுக்குத்தான் கராஜில் ‘பூஸ்ட்’ என்று பெயர். இது எதைப் பொறுத்து ஏறுகிறது, எதைப் பொறுத்து இறங்குகிறது? கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். ரேஸ் பண்ணினால் ஏறும் என்பது ஒன்று. பாரம் இருந்தால்தான் ஏறும் என்பது மற்றொன்று. உயரத்துக்குப் போனால் விழும் என்பார் ஒருவர். டர்போ இருந்தால் உயரம் ஒன்றும் செய்யாது என்பார் இன்னொருவர். நான்கும் ஏதோ ஓர் இயந்திரத்துக்குச் சரி, எல்லா இயந்திரத்துக்கும் சரியல்ல. பொறியியல் எழுத்துகளிலும் இவற்றை ஒத்த நிலைப்பாடுகளே நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றிவந்திருக்கின்றன.

நீராவி எஞ்சினுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இருந்ததில்லை என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். 1927இலும் 1945இலும் இங்கு வந்த கரட் எஞ்சின்கள் சிலிண்டருக்குள் காற்றை எடுப்பவை அல்ல. கொதிகலன் தரும் நீராவியே அவற்றின் வேலையாள். உயரத்தில் வெளிக்காற்று மெலிந்தால் நீராவி வெளியேறுவது சற்று இலகுவாகக்கூட இருக்கும். காற்றைப் பற்றிய கவலை 1950களில் டீசலோடு சேர்ந்து மலைக்கு வந்தது.

ஊதியின் பரம்பரை

முதல் நிலைப்பாடு மிகப் பழையது: பூஸ்ட் என்பது ஊதி உற்பத்தி செய்யும் பொருள், ஊதி வேகமாகச் சுற்றினால் உற்பத்தி கூடும். இதன் வேர் எஞ்சினில் இல்லை, இரும்பு உலையில் இருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கொனர்ஸ்வில் ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் இருவர் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதி, உலைக்குக் காற்றடிக்கவே பயன்பட்டது. ஒன்றோடொன்று பின்னிச் சுற்றும் இரண்டு ரோட்டர்கள் ஒரு பக்கக் காற்றை மறுபக்கம் கொண்டுபோய்க் கொட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. எரிப்பு எஞ்சினுக்குள் காற்றைப் பம்பு வைத்துத் திணிக்கும் எண்ணத்தை கொட்லீப் டைம்லர் 1885இலேயே காப்புரிமையில் எழுதிவைத்திருந்தார். அந்த எண்ணத்துக்கு இந்த உலை ஊதி பிறகு வசதியாகப் பொருந்தியது.

லொறி உலகில் ரூட்ஸ் ஊதி புகழ்பெற்றது இரண்டடிப்பு டீசல்களால். ஜெனரல் மோட்டோர்ஸ் 1938இல் கொண்டுவந்த டெட்ரோயிட் 71 தொடர் அதில் முன்னோடி. 1954இல் பிரித்தானியாவின் கொமர் லொறியில் வந்த டிஎஸ்3 எஞ்சினில் மூன்று சிலிண்டர்கள், எதிரெதிரே ஓடும் ஆறு பிஸ்டன்கள், பக்கத்தில் ஒரு ரூட்ஸ் ஊதி. அந்த லொறியைச் செய்த நிறுவனத்தின் பெயரும் ரூட்ஸ் என்பதால் தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு, குடும்பமும் வேறு; தொடர்பில்லை.

நாவலப்பிட்டியில் ரூட்ஸ் ஊதியைத் தேட லொறிக்கடைக்குப் போக வேண்டியதில்லை, புகையிரத மேடையில் நின்றால் போதும். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா தந்த எம்2 வகை எஞ்சின்களில் பல கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி ஓடியவை. அவற்றில் இருந்தது ஜெனரல் மோட்டோர்ஸின் 12 சிலிண்டர் 567சி, 1,425 பரிவலு, காற்று தருவது ரூட்ஸ் ஊதி. 1979இல் ஜேர்மனியின் ஹென்ஷல் நிறுவனத்திலிருந்து வந்த எம்6, அதே பரம்பரையின் 645 எஞ்சினோடு 1,650 பரிவலு தருகிறது, அதிலும் ஊதிதான். 1981இன் எம்7உம் அந்தக் குடும்பமே. பட்டிப்பொல பக்கமாக எம்6 ஏறும்போது கேட்கும் ஓசையில் ஊதியின் பங்கும் உண்டு.

இந்த நிலைப்பாட்டின் பலம் எளிமை. ஊதி கிராங் தண்டோடு பற்சக்கரத்தாலோ பட்டியாலோ கட்டப்பட்டிருப்பதால் எஞ்சின் சுற்றும்போதெல்லாம் காற்று உண்டு. பாரம் ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பலவீனம் ஒரு சிறு கணக்கில் வெளிப்படுகிறது. 3.9 லீற்றர் நான்கடிப்பு எஞ்சின் ஒரு சுற்றுக்கு 1.95 லீற்றர் காற்றை விழுங்கும். அதே ஒரு சுற்றில் 3 லீற்றர் காற்றைத் தள்ளும் ஊதியைக் கட்டினால், கசிவையும் சூட்டையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அமுக்க விகிதம் ஏறத்தாழ 1.5. எஞ்சினின் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள்: ஊதி தள்ளுவது இரட்டிப்பாகும், எஞ்சின் விழுங்குவதும் இரட்டிப்பாகும். விகிதம் அப்படியே நிற்கும். ‘ரேஸ் பண்ணினால் பூஸ்ட் ஏறும்’ என்பது இந்த வகை ஊதிக்கு முதல் அண்ணளவில் பொய்.

ஆனாலும் கேஜில் முள் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. அதற்குக் காரணம் கசிவு. ரோட்டர்களுக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியால் திரும்பி வழியும் காற்றின் அளவு வேகத்தோடு பெரிதாக மாறுவதில்லை. மெதுவாகச் சுற்றும்போது அது மொத்தத்தில் பெரிய பங்கு. வேகமாகச் சுற்றும்போது சிறிய பங்கு. தேய்ந்த ஊதியில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். காற்றைச் சுழற்றி வெளிநோக்கி வீசும் சுழல்விசைச் சக்கர வகைக் கருவியின் நடத்தை வேறு. அது தரும் அமுக்க உயர்வு வேகத்தின் வர்க்கத்தைத் தொடர்ந்து போகும். பாதி வேகத்தில் கால்வாசி பூஸ்ட்தான். இரண்டையும் ஒரே சொல்லால் ‘சூப்பர்சார்ஜர்’ என்று அழைப்பதால்தான் வாதங்களில் பாதி முடிவின்றி நீள்கின்றன என்று தோன்றுகிறது.

விழுங்க முடியாததன் அளவு

இரண்டாவது நிலைப்பாடு முதலாவதைத் தலைகீழாகப் பார்க்கிறது. பூஸ்ட் ஊதியின் உற்பத்தி அல்ல, எஞ்சினின் மறுப்பு. உள்ளே போக முடியாமல் தேங்கி நிற்கும் காற்றின் அளவு. ரூட்ஸ் ஊதி தன் உள்ளே காற்றை அமுக்குவதே இல்லை. வெறுமனே கொண்டுபோய்த் தள்ளுகிறது. அமுக்கம் பிறப்பது ஊதிக்கு வெளியே, உள்ளிழுப்புக் குழாயில்.

இதற்கு மிக நல்ல சான்று இரண்டடிப்பு எஞ்சினின் காற்றுப்பெட்டி. டெட்ரோயிட், 567, 645 மூன்றிலும் ஊதி தரும் காற்று சிலிண்டரைச் சுற்றியுள்ள பெட்டியில் நிறைந்து, பிஸ்டன் கீழே இறங்கும்போது திறக்கும் துளைகள் வழியாக உள்ளே பாய்ந்து, எரிந்த புகையைத் தலைப்பக்க வால்வுகளால் வெளியே தள்ளுகிறது. நாள்பட்டு அந்தத் துளைகளில் கரி படிந்து வழி குறுகினால் என்ன நடக்கும்? உள்ளே போகும் காற்று குறையும். காற்றுப்பெட்டியின் அமுக்கமோ கூடும்! கேஜை மட்டும் பார்க்கும் ஒருவர் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்வார். சைலன்ஸரிலிருந்து வரும் கறுப்புப் புகை வேறு கதை சொல்லும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் காற்றுப்பெட்டி அமுக்கத்தை இரு பக்கமும் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். குறைந்திருந்தால் ஊதி கசிகிறது அல்லது ஏர் கிளீனர் அடைத்திருக்கிறது. கூடியிருந்தால் துளையோ புகைவழியோ அடைபடுகிறது.

இந்த எஞ்சின்களில் இருப்பதைச் சூப்பர்சார்ஜர் என்று சொல்லலாமா என்ற பழைய சண்டையும் இங்கேதான் பிறந்தது. ஊதி இல்லாவிட்டால் இரண்டடிப்பு டீசல் மூச்சே விடாது; ஆகவே அது கூடுதல் ஊட்டம் அல்ல, அடிப்படைச் சுவாசம் என்பது ஒரு கட்சி. வளிமண்டலத்துக்கு மேல் ஓர் இறாத்தல் அமுக்கம் இருந்தாலும் அது ஊட்டமே என்பது மறு கட்சி. சொற்போர் என்று தள்ளிவிடலாம். ஆனால் 92 தொடர் போன்ற பிற்கால டெட்ரோயிட்டுகளில் ஊதிக்கு முன்னால் டர்போவும் சேர்க்கப்பட்டதை வைத்துப் பார்த்தால், முதல் கட்சிக்கே என் வாக்கு.

பூஸ்ட் என்பது தடையின் அளவு என்ற இந்தக் கொள்கைக்கும் எல்லை உண்டு. ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளும் ஊதிக்கு அது அழகாகப் பொருந்துகிறது. சுழல்விசைச் சக்கரத்துக்குப் பொருந்துவதில்லை. அங்கே தடை அளவுக்கு மீறினால் அமுக்கம் கூடுவதற்குப் பதிலாக ஓட்டம் குலைந்து காற்று பின்னோக்கி இரைக்கும். மேலும், காற்று எவ்வளவு சூடாகிறது என்பதைப் பற்றி அந்தக் கொள்கை வாய் திறப்பதில்லை.

புகையிலிருந்து காற்று

மூன்றாவது நிலைப்பாடு சுவிற்சர்லாந்தின் அல்பிரெட் பூக்கி 1905இல் பெற்ற காப்புரிமையிலிருந்து வளர்ந்தது. வீணாகப் போகும் புகையின் ஆற்றலே காற்றை அமுக்கட்டும் என்பது அவர் யோசனை; டர்போ என்பது இதுதான். நடைமுறையில் நிலைபெற இருபது ஆண்டுகள் எடுத்தது. 1920களின் நடுப்பகுதியில் இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் எஞ்சின் வலுவை 1,750இலிருந்து 2,500 பரிவலுவுக்கு உயர்த்திய பிறகே பலரும் நம்பினார்கள். லொறிக்கு அது வந்தது சவுரர் நிறுவனத்தின் மூலம் 1938இல். பரவலாகத் தெரியவந்தது வொல்வோ 1954இல் தன் டைட்டன் லொறியின் வலுவை 150இலிருந்து 185 பரிவலுவுக்கு ஏற்றியபோது.

டர்போவில் பூஸ்ட் எஞ்சின் வேகத்தைவிட எரியும் டீசலையே அதிகம் பின்தொடர்கிறது. லொறியை நிறுத்திவைத்து 2,500 சுற்றுக்கு ரேஸ் பண்ணினால் முள் சில பிஎஸ்ஐ மட்டுமே அசையும். அதே 2,500 சுற்றில், பாரத்தோடு ஏற்றத்தில் போகும்போது முழுப் பூஸ்ட் வரும். சுற்று மாறவில்லை, புகையின் சூடும் அளவும் மாறிவிட்டன. கராஜில் நிறுத்திவைத்தே டர்போ பலவீனம் என்று தீர்ப்புச் சொல்லிக் கழற்றிப்போட்ட நல்ல டர்போக்கள் இந்தத் தீவில் எத்தனை இருக்குமோ.

இலங்கையின் சாலைகளில் இந்த மாற்றத்தை எஞ்சின் இலக்கங்களிலேயே வாசிக்கலாம். மிற்சுபிஷி கன்ரரில் வந்த 4டி33, 4.2 லீற்றர், டர்போ இல்லாதது. பிறகு வந்த 4டி34 டர்போ வகை 3.9 லீற்றர்தான். கொள்ளளவு குறைந்தும் இழுவை கூடியது. டாட்டாவின் பழைய 697 எஞ்சின் 5.675 லீற்றர், தானாக மூச்சு விடுவது. 1993இல் டாட்டா கமின்ஸ் கூட்டு நிறுவனம் அமைந்த பிறகு வந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் 5.9 லீற்றர், டர்போவோடு. ஒரே ஏற்றத்தில் பழைய டாட்டாவும் புதியதும் அடுத்தடுத்துப் போனால் வித்தியாசத்தைக் கண்ணால் காணலாம், புகையின் நிறத்திலும் காணலாம்.

தண்டவாளத்திலும் இரண்டு தத்துவங்களும் பக்கம்பக்கமாக ஓடியிருக்கின்றன. ஊதி கொண்ட எம்2, எம்6 ஒரு பக்கம். 1975இல் மொன்றியலிலிருந்து வந்த எம்4 மறுபக்கம். அதன் 12 சிலிண்டர் அல்கோ 251 டர்போ எஞ்சினின் வலு 1,750 பரிவலு. ஒரு நாட்டின் புகையிரதப் பகுதி இரண்டையும் பல பத்தாண்டுகள் ஒன்றாக வைத்துக் காத்தது என்பதே எந்தத் தத்துவமும் மற்றதை முற்றாக வெல்லவில்லை என்பதற்கு ஓரளவு சாட்சி.

உயரம் என்ற பரீட்சை

எல்லா விடைகளும் மாட்டிக்கொள்வது இங்கேதான். நியம வளிமண்டலக் கணக்கின்படி கடல்மட்டத்தில் 101.3 கிலோபாஸ்கலாக இருக்கும் காற்றமுக்கம் நாவலப்பிட்டியில் ஏறத்தாழ 94.5, ஹட்டனில் 87, நுவரெலியாவில் 81. கொழும்பில் 1.5 விகிதத்தில் அமுக்கும் ஊதி கேஜில் சுமார் 7.3 பிஎஸ்ஐ காட்டும். அதே ஊதி, அதே வேகம், அதே விகிதம்; நாவலப்பிட்டியில் 6.9, நுவரெலியாவில் 5.9. ஊதியில் ஒரு பழுதும் இல்லை. குறைந்த பொருளை ஒன்றரை மடங்காக்கினால் குறைந்ததே கிடைக்கும். இயந்திர ஊதி உயரத்தில் தோற்பது இப்படித்தான்: திடீரென்று அல்ல, விகிதாசாரத்தில்.

டர்போ உயரத்தை வெல்லும் என்ற நம்பிக்கையின் ஆரம்பம் 1918. அமெரிக்கப் பொறியியலாளர் சான்போர்ட் மொஸ் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லொறியில் ஏற்றி 4,300 மீற்றர் உயரப் பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுபோனார். கடல்மட்டத்தில் 350 பரிவலு தந்த எஞ்சின் அங்கே 230ஆகச் சுருங்கியது. டர்போவை இணைத்ததும் 356. அந்த நாளிலிருந்து ‘டர்போவுக்கு மலை தெரியாது’ என்ற வாசகம் உலாவுகிறது.

அதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை. உயரத்தில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் புகையால் சுழலும் டர்பைனின் இருபக்க அமுக்க வித்தியாசம் விகிதத்தில் கூடுகிறது. சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுற்றி இழப்பில் ஒரு பங்கை ஈடுசெய்கிறது. லொறி அளவு டர்போ ஒன்று நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றைத் தாண்டுவது. அதற்கு மேலும் வேகம் கேட்பதென்றால் தாங்கியும் தண்டும் விலை கொடுக்கும். மொஸ்ஸின் எஞ்சின் கடல்மட்ட வலுவை மீட்கவே அமைக்கப்பட்டது. லொறியின் டர்போ கடல்மட்டத்திலேயே கூடுதல் வலு தருமாறு ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. மலைக்கென்று அதனிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம்.

அதைவிடக் கூர்மையான சிக்கல், பூஸ்ட் அளவுமீறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவில் இருக்கிறது. அதைத் திறக்கும் தகரக் குப்பியில் ஒரு பக்கம் பூஸ்ட் காற்று, மறுபக்கம் ஸ்பிரிங்கும் வெளிக்காற்றும். ஆகவே அது காவல் காப்பது வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் இடையிலான வித்தியாசத்தை. கேஜும் அதே வித்தியாசத்தையே காட்டுகிறது. 15 பிஎஸ்ஐக்கு அமைத்த லொறி கொழும்பிலும் 15 காட்டும், நுவரெலியாவிலும் 15 காட்டும். ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் தனி அமுக்கம் கொழும்பில் சுமார் 205 கிலோபாஸ்கல், நுவரெலியாவில் 184. பத்து வீதம் காணாமல் போயிருக்கிறது, முள் அசையவே இல்லை. டர்போ இல்லாத லொறி 20 வீதம் இழக்கும் இடத்தில் இது 10 வீதம். ஆகவே ‘உயரம் ஒன்றும் செய்யாது’ என்ற சாரதியின் உணர்வு பாதி நியாயமானது. பூஸ்ட் என்ற எண்ணை ஓர் அளவாக நம்பிய எல்லாக் கொள்கைகளும் தடுமாறும் இடம் இதுவே. அந்த எண் எவ்வளவு காற்று என்று சொல்வதில்லை. அந்த ஊர்க் காற்றைவிட எவ்வளவு அதிகம் என்று மட்டும் சொல்கிறது.

அமுக்கத்துக்கும் அடர்த்திக்கும் நடுவே

எரிப்புக்குத் தேவை அமுக்கம் அல்ல, ஒட்சிசன். இந்த நான்காவது நிலைப்பாடு பூஸ்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி அடர்த்தியை முன்னால் வைக்கிறது. 30 பாகை செல்சியஸ் காற்றை, 70 வீதத் திறனுள்ள டர்போவால் இரு மடங்கு அமுக்கினால் அது சுமார் 125 பாகைக்குச் சூடாகும். அமுக்கம் இரண்டு மடங்கு, ஆனால் உள்ளே போகும் காற்றின் நிறை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மட்டும். நடுவே குளிரூட்டி வைத்து 50 பாகைக்கு இறக்கினால் நிறை ஏறத்தாழ 1.88 மடங்காகிறது. குளிரூட்டியின் குழாய்களில் சிறிது அமுக்கம் இழக்கப்படுவதால் கேஜ் சற்றுக் குறைவாகவே காட்டும். பூஸ்ட் குறைந்தும் இழுவை கூடும் விநோதம் இதுதான்.

மலையின் குளிரும் இதில் ஒரு கை கொடுக்கிறது. கொழும்பின் 30 பாகையையும் நுவரெலியாவின் 15 பாகையையும் வைத்துக் கணக்கிட்டால், அமுக்கம் 20 வீதம் விழுந்தாலும் அடர்த்தி 16 வீதமே விழுகிறது. ஈரப்பதமும் சேர்த்தி. 30 பாகையில் 80 வீத ஈரப்பதம் உள்ள காற்றில் நீராவி மட்டும் 3.4 கிலோபாஸ்கல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எஞ்சின்களின் வலுவைக் குறிப்பிடும் ஐஎஸ்ஓ 3046 நியமம் 25 பாகை, 100 கிலோபாஸ்கல், 30 வீத ஈரப்பதம் என்ற நிலையை எடுத்துக்கொள்கிறது. தென்மேல் பருவக்காற்று நனைக்கும் நாவலப்பிட்டியில் 30 வீத ஈரப்பதம் காண்பது அரிது. விற்பனைப் பத்திரத்தில் உள்ள பரிவலு இந்த மலையில் யாருக்கும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லவில்லை; நியமம் என்பதே அப்படித்தான்.

இந்தப் பார்வையின் பலவீனம் அது நின்ற நிலைக் கணக்கு என்பது. குளிரூட்டிக்கு முன்னால் வீசும் காற்று வேண்டும். றம்பொடை ஏற்றத்தில் முதல், இரண்டாம் கியரில் ஊரும் லொறிக்கு முன்காற்று மிகக் குறைவு. விசிறியை நம்பித்தான் பிழைப்பு. மேசையில் கிடைக்கும் 50 பாகை சாலையில் கிடைக்குமா என்பது லொறிக்கு லொறி மாறும்.

வளைவில் போகும் வினாடிகள்

மலைப்பாதையில் பூஸ்டின் உச்சத்தைவிட அது வந்துசேரும் நேரமே முக்கியம் என்று சொல்வோர் ஐந்தாவது அணி. என் பார்வையில் நம் சாலைகளுக்கு மிக நெருக்கமானது இதுவே. கொண்டை ஊசி வளைவில் சாரதி காலை எடுத்து, மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும் அந்த ஓரிரு வினாடிக்குள் புகையின் சூடு போய்விடுகிறது, டர்போ தளர்கிறது, பூஸ்ட் விழுகிறது. மீண்டும் மிதித்தாலும் உடனே வருவதில்லை.

அந்த இடைவெளியில் டீசல் பம்பின் மேலுள்ள ஒரு சிறு அமைப்பு வேலை செய்கிறது. உள்ளிழுப்புக் குழாயிலிருந்து விரல் அளவுக்கும் மெல்லிய குழாயொன்று பம்பின் தலைக்கு வந்து ஒரு றப்பர் சவ்வை அமுக்குகிறது. பூஸ்ட் இருந்தால் சவ்வு தாழ்ந்து கூடுதல் டீசலை அனுமதிக்கும், இல்லாவிட்டால் தடுக்கும். கறுப்புப் புகை வராமல் இருக்க இந்த ஏற்பாடு. சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து அந்த மெல்லிய குழாய் வெடித்தால், கேஜில் பூஸ்ட் சரியாக இருக்கும், புகையும் இராது, லொறி மட்டும் இழுக்காது. பெரிய காற்றுக்குழாய் இணைப்பில் கசிந்தால் வேறு விதம்: இணைப்பைச் சுற்றி எண்ணெயும் தூசும் சேர்ந்து கறுப்பு வளையம் கட்டியிருக்கும், ஏற்றத்தில் சீறும் ஓசை கேட்கும், புகையும் கறுக்கும். இரண்டையும் ‘பூஸ்ட் இல்லை’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது வழக்கம்.

இந்த இடத்தில் பழைய ஊதியின் ஆதரவாளர்களுக்கு நியாயம் கிடைக்கிறது. கிராங்கோடு கட்டிய ஊதி வளைவில் தளராது. ஆனால் அதன் கூலி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்: முன்சொன்ன 3.9 லீற்றர் எஞ்சினில் 1.5 விகிதத்துக்கு, 2,400 சுற்றில், ரூட்ஸ் ஊதி ஏறத்தாழ 10 பரிவலுவைத் தின்னும் என்று ஒரு பருமட்டான கணக்குச் சொல்கிறது. இறக்கத்தில் வெறுமையாகப் போகும்போதும் அதைச் சுற்றியே ஆகவேண்டும். நான்கடிப்பு லொறிகளில் ஊதி நிலைக்காததற்கு இந்தச் செலவே முதன்மைக் காரணம் என்று கொள்ளலாம்.

இரண்டையும் சேர்க்கும் முயற்சிகளும் உண்டு. 645 எஞ்சினின் டர்போ வகையில் டர்போவே பற்சக்கரத்தால் எஞ்சினோடு கட்டப்பட்டிருக்கும். பாரம் குறைவானபோது எஞ்சின் அதைச் சுற்றும், புகை பலமானதும் ஒரு கிளச் விடுவித்துத் தன் வழியில் ஓடவிடும். இலங்கைக்கு வந்த மூன்று ஜெனரல் மோட்டோர்ஸ் எஞ்சின் வகைகளும் அந்தச் சிக்கலான வடிவத்தை எடுக்காமல் எளிய ஊதியோடு வந்தவை. லொறிகளில் இதே இடைவெளியை நிரப்ப முயல்வது, டர்பைனின் வாயை அசையும் தகடுகளால் குறுக்கியும் விரித்தும் மாற்றும் வகை. குறைந்த புகையிலும் சக்கரத்தை வேகமாகச் சுற்றவைக்க அதனால் முடிகிறது. தகடுகளில் கரி இறுகினால் மறுபடியும் கராஜ்தான்.

தீராமல் இருப்பவை

ஐந்து நிலைப்பாடுகளில் எதையும் முற்றாகத் தள்ள முடியவில்லை. அளந்து தள்ளும் ஊதிக்கு வேகமும் தடையும் போதிய விளக்கம்; டர்போவுக்கு எரியும் டீசலும் வெளிக்காற்றும் வேண்டும்; வலுவைக் கணிக்க அடர்த்தி வேண்டும். இதுவரை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தனி அமுக்கத்தை உணரும் மின்னணு உணரிகள் வந்தபின் உயரத்தைப் பற்றிய குழப்பத்தின் பெரும்பகுதி எஞ்சின் கணினிக்குள் தீர்ந்துவிட்டது. சாரதியின் முன்னால் உள்ள முள்ளில் தீரவில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவை மூன்று. டர்போக்களின் செயல்வரைபடங்கள் சீரான ஓட்டத்தில் எடுக்கப்படுபவை. நிமிடத்துக்கு ஒரு வளைவும் அதற்கொரு கியர் மாற்றமும் உள்ள பாதையில் அவை எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஒன்று. ஜப்பானிலிருந்து பழைய நிலையில் வந்து, இங்கே திருத்தப்பட்டு, பம்பின் திருகு கையளவில் மாற்றப்பட்ட எஞ்சினில் தொழிற்சாலைக் கணக்கு எதுவும் பொருந்துமா என்பது இரண்டு. மூன்றாவது, மின்மோட்டரால் சுற்றும் அமுக்கி. வளைவில் போகும் வினாடிகளை மீட்டுத் தரும் என்று அதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். எஞ்சினின் புகையையும் சுற்றையும் நம்பாத முதல் பூஸ்ட் அதுவாகலாம். ஆனால் நீண்ட ஏற்றத்தில் அதற்கான மின்சாரத்தைத் தரப்போவது அதே எஞ்சினின் டைனமோதான். அப்படியானால் ரூட்ஸ் ஊதி கேட்ட கூலியை இது வேறு வழியில் கேட்கிறதா, அல்லது வளைவுக்கு மட்டும் கேட்டுவிட்டு விடுகிறதா என்பதைக் கினிகத்தேனவுக்கு மேலே பாரத்தோடு ஏறும் லொறியில்தான் அளந்து பார்க்கவேண்டியிருக்கும்.